உயிரோடு இருப்பவருக்குப் பாடிய ஒப்பாரி

என் மகனே,

உனக்கு இன்னும் பெயர் இல்லை. நீ பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் அரிசி டிரம்முக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த யாருக்கு எழுதினாலும் அது எப்படியாவது பெரியப்பாவின் கைக்குப் போய்விடும். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஆள் நீ ஒருவன்தான். மகளுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளாகப் பிறந்தால் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். உனக்குத்தான் ஒருவர் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை ரயிலில் என் அக்கா யமுனா சென்னையிலிருந்து வருகிறாள். அவளை வரச் சொன்னது நான். பொய் சொல்லி வரச் சொன்னேன். ஆம்பூர் ஸ்டேஷனில் அவளை அழைத்துவர பெரியப்பா போகிறார். அவள் அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

அக்கா உனக்குப் பெரியம்மா முறை. அவள் ஒரு பாடகி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவள். ராக் பாட்டு என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பிரேயர் பாட்டுக்குச் சேர்க்கவில்லை. "உன் குரல் கரகரன்னு இருக்குது, பின்னாடி நின்னு வாய மட்டும் அசை" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா அப்போதுதான் தோல் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் கையில் அந்த வாசனை போகாது. "டீச்சருக்கு இன்னா தெரியும், எனக்கு இந்தக் குரல்தான் புடிச்சிருக்குது, நீ எனக்குப் பாடு" என்றார். அதிலிருந்து கரண்ட் போனால் போதும், அப்பா பாயை வாசலில் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிடுவார். அக்காவுக்கு முதல் ரசிகர் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள். இந்தக் கதையில் யாரும் பிறக்கும்போதே கெட்டவர்கள் இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் அக்கா அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போனாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் மாதனூர் பக்கம் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்தான் அவளுக்கு முதல் மேடை. "அடியே யமுனா, தூக்கம் வர்ற மாதிரி ஒண்ணு பாடு" என்று முன் சீட்டில் இருந்து ஒருத்தி கேட்பாளாம். "தூங்கிட்டா கம்பெனி வாசல்ல உன்ன யாரு தூக்கிக்கினு போறது, முழிக்கிற மாதிரி பாடச் சொல்லு" என்பாளாம் இன்னொருத்தி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒருத்தி தோளில் இன்னொருத்தி சாய்ந்து தூங்குகிற அந்தப் பெண்களைப் பற்றித்தான் அக்கா முதல் பாட்டை எழுதினாள். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில் வைத்தியத்துக்காகத் தங்கியிருந்த ஒரு வங்காளிப் பையன், ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கிட்டார் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. போனில் வீடியோ பார்த்தே விரல் வைக்கக் கற்றுக்கொண்டாள். வேலூர்க் கல்லூரிப் பையன்கள் சிலர் ஒரு மியூசிக் பேண்ட் வைத்திருந்தார்கள். அவர்களோடு போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடத்துக்குள் அந்த பேண்ட் அவள் பெயரில் ஆகிவிட்டது.

அவள் பாடுவது எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படிச் சொல்வது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். கிட்டார்கூட மெதுவாகத்தான் வரும். பிறகு எங்கோ ஓரிடத்தில் டிரம்ஸ் சேரும், அவள் குரல் கிழியும். டீச்சர் வேண்டாம் என்ற அதே கரகரப்புதான். அந்த இடம் வரும்போது கூட்டத்தில் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். சென்னையில் ஒரு கச்சேரிக்கு என்னை மட்டும் கூட்டிப்போனாள். அம்மாவிடம் பாட்டி ஊர் என்று பொய் சொல்லிவிட்டுப் போனோம். டிக்கெட் வாங்கி வந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றிய பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள். ஒரு முறைகூட அந்த பஸ்ஸில் ஏறாதவர்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நம் வீட்டுக்குள் நடப்பதை இத்தனை பேர் தெரிந்துகொண்டால் அது எங்கே போய் முடியும் என்று அன்றைக்கே நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது ஒப்பாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யார் செத்தாலும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை வரும். அதற்குக் கட்டுப்பாடு உண்டு. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரியை முனகக்கூடக் கூடாது. பாடிவிட்டு வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி ஏறக் கூடாது. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது வீடு பெருக்கிக்கொண்டே தெரியாமல் ஒரு அடி முனகிவிட்டாள். அம்மா துடைப்பத்தைப் பிடுங்கி அதாலேயே அடித்தாள். "யாருக்குடி பாடுற? இந்த வூட்ல யாரு போவணும்னு பாடுற?" அம்மா அடித்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

பாடுவதற்காக அக்கா சென்னையிலேயே தங்கிவிட்டாள். போன பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் என்னிடம் சொன்னாள்.

"அப்பாவுக்கு ஒரு பாட்டு எழுதிக்கினு இருக்கேன். ஒப்பாரி."

"அப்பா உயிரோட இருக்காரேக்கா."

"அதுக்குத்தான்டி. செத்தப்புறம் பாடுனா ஊரே கேக்கும், அவரு மட்டும் கேக்க மாட்டாரு. இன்னா நியாயம் அது?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அம்மா தொடப்பத்தால அடிக்கும். அடிச்சிட்டுப் போவட்டும்."

நானும் சிரித்தேன். மெதுவாகப் பாடிக் காட்டினாள். ஒப்பாரியில் செத்தவரின் பெயரைச் சொல்லித்தான் அழ வேண்டும், அதனால் அப்பாவின் பெயரும் அதில் இருந்தது.

கழுவினாலும் போவாத வாசனைய விட்டுட்டு
நீ மட்டும் போயிட்டியே ஏழுமல ராசாவே
ஊருக்கெல்லாம் செருப்பாச்சி ஒங்கையில ஊறுன தோலு
வெறுங்காலா நடந்தியே என்னப் பெத்த அப்பாவே

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நல்லாருக்குக்கா என்றுதான் சொன்னேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

அந்தப் பாட்டுத்தான் அவளைப் பெரிய ஆளாக்கியது. எல்லார் போனிலும் ஓடியது. யார் யாரோ தங்கள் அப்பாவின் போட்டோவை வைத்து அதற்கு வீடியோ போட்டார்கள். எங்கள் அப்பா அதைக் கேட்டது கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில். பக்கத்தில் ஒருவர் போனில் பாட்டு ஓட, எல்லோரும் அப்பாவையே பார்த்திருக்கிறார்கள். "இன்னா ஏழுமல, உனக்குப் பாட்டு வந்துருச்சி, பாடை எப்போ?" என்று ஒருவன் கேட்டானாம். அப்பாவோடு இருபது வருடமாக வேலை செய்யும் காதர் மாமா மட்டும், "அவன பேஜார் பண்ணாதப்பா. செத்துட்டான்னு பொய்யா சேதி வந்தா ஆயுசு ஜாஸ்தி ஆவும். நம்ம எல்லாரையும் எடுத்துட்டுத்தான் இவன் போவான்" என்றாராம். அந்த ஒரு பேச்சை அப்பா பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் மற்றதைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை என் போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். முழுதாகக் கேட்டார். அக்காவின் குரல் கிழியும் இடத்தில் அவர் கால் விரல்கள் மடங்கியதைப் பார்த்தேன். முடிந்ததும் "நல்லாப் பாடுறா" என்றார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய், தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் செய்வது போல.

அடுத்த வாரம் கம்பெனியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். அங்கே மாதத்துக்கு ஒருவர் அப்படி விழுகிறார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை, எழுந்து நடக்கலாம் என்றார்கள். அப்பா நடக்கவில்லை. கட்டிலில் படுத்தவர் படுத்தவர்தான். சோறு கம்மியானது, பேச்சு அதைவிடக் கம்மியானது. அப்போதுதான் பெரியப்பா தினமும் வரத் தொடங்கினார். அவர் அப்பாவின் அண்ணன், தண்ணீர் லாரி ஓட்டுகிறார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பயம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "பாடுன ஒப்பாரி சும்மா போவாதுடா. ஒரு பொணத்த எடுத்துக்கினுதான் போவும். ஒண்ணு உன்ன எடுக்கணும், இல்ல பாடுனவள எடுக்கணும்." அம்மா உள்ளே அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

மகனே, இப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. அம்மா எத்தனையோ சாவுக்குப் பாடியவள், அவளே இதைக் கேட்டதில்லை. சாவு இல்லாத வீட்டில் பாடக்கூடாது என்பது பழக்கம். அதற்குப் பதில் ஒரு உயிர் வேண்டும் என்பது பெரியப்பாவே சேர்த்துக்கொண்டது. ஆனால் பழக்கத்தோடு ஒட்டவைத்துச் சொன்னால் எதுவும் பழக்கம் போலவே கேட்கிறது. யாராவது உன்னிடம் அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் என்று சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று ஒரு தடவையாவது கேள். எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓவர்டைம் போயிருந்தாள். பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்காவ பாக்க ஆச இல்லையா கண்ணு உனக்கு? அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லு. நாங்க சொன்னா வர மாட்டா, நீ சொன்னா வருவா. வந்து அப்பா கால்ல ஒரு தரம் விழுந்துட்டுப் போவட்டும், அவ்ளோதான்." அக்காவைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசைதான். கூப்பிட்டேன். பொய் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் அவள் சந்தேகப்படவே இல்லை. "அழாதடி. புதன்கிழம ஒரு ப்ரோக்ராம் இருக்குது, முடிச்ச கையோட வண்டி ஏறிடுறேன். வியாழக்கிழம காலைல அங்க இருப்பேன். அம்மாவ படுக்கச் சொல்லு" என்றாள். நான் போனை வைத்ததும் பெரியப்பா அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பரீட்ச வருது, இது எதுக்கு உனக்கு." அப்பாவின் போன் ஏற்கெனவே அவரிடம்தான் இருந்தது, அம்மாவுக்குப் போன் கிடையாது. சாயங்காலம் எனக்கென்று ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். பசித்தது, சாப்பிட்டேன். மூன்று நாளாகத் தண்ணீர் குடித்தால்கூட அந்த ருசி வருகிறது. உனக்கு யாராவது காரணம் இல்லாமல் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தால், என்னை நினைத்துக்கொள்.

இன்று மாலை பாய் எடுக்க அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு ஃப்ளெக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தேன். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அக்காவின் முகம். கச்சேரிப் போட்டோவிலிருந்து எடுத்திருக்கிறார்கள், கையில் இருந்த மைக்கை வெட்டிவிட்டிருக்கிறார்கள். கீழே தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று நாளைய தேதி.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் தனக்குப் பிடித்தவனோடு போனபோதும் இப்படித்தான் வைத்தார்கள். அவள் அப்பா மொட்டைகூடப் போட்டுக்கொண்டார். அவள் இப்போது ஓசூரில் குழந்தையோடு நன்றாக இருக்கிறாள். எங்களுக்கு நீ செத்துவிட்டாய் என்று ஊருக்குக் காட்டுவது, அவ்வளவுதான். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். ஆனால் அந்தப் பெண் போன பிறகுதான் ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். இவர்கள் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உடனே நஸ்ரின் வீட்டுக்கு ஓடினேன். என்னோடு படிக்கிறவள், இரண்டு தெரு தள்ளி வீடு. அக்காவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, எல்லாம் போனிலேயே இருந்தது. நஸ்ரின் போனில் அக்காவின் பக்கத்தைத் தேடி, வராதே, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதி அனுப்பினோம். ஆயிரம் பேர் அவளுக்கு எழுதுகிறார்கள். அதில் ஒன்றாக என்னுடையதும் போய் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "எங்க அத்தாகிட்ட சொல்லட்டுமாடி?" என்றாள் நஸ்ரின். அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அது வேறு சண்டையாகிவிடும். வேண்டாம் என்றேன். போலீஸுக்குப் போய் ஃப்ளெக்ஸைக் காட்டினால், இது எல்லா ஊரிலும் வைக்கிறதுதானே, போய்ப் படி என்பார்கள். அதற்குள் பெரியப்பாவுக்கும் தெரிந்துவிடும்.

திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா மேல கோவமாப்பா?"

"கோவம் இல்லமா. பாட்டு நல்லா இருக்குது. கண்ண மூடுனா அதான் ஓடுது." பிறகு, "எனக்கு பயமா இருக்குது" என்றார்.

"நாளைக்கு அக்கா வந்தா இன்னா பண்ணப் போறாங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிச்சி. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் நல்லவர், மகனே. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. பெரியப்பாவைவிட அந்த முதுகுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நீ கெட்டவனாக ஆகிவிடுவாயோ என்று நான் கவலைப்படவில்லை. இப்படி நல்லவனாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாயோ என்றுதான் கவலைப்படுகிறேன்.

இரவு அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். ஃப்ளெக்ஸை அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம், முன் அறையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். இன்று அவர் இங்கேயே தங்குகிறார். அம்மா சீப்பை ஓட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அவ வர்ற வண்டி காட்பாடில நிக்குமா?"

"நிக்கும்."

"ஆம்பூருக்கு முன்னாடியா அது?"

"முன்னாடிதாம்மா."

அம்மா பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டாள், வலித்தது. பிறகு முன் அறைக்குக் கேட்கும்படி, "காலைல உனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குதுன்னியே, யூனிஃபார்ம் தேய்ச்சி வெச்சிருக்கேன்" என்றாள். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. என் யூனிஃபார்மை அம்மா இதுவரை தேய்த்ததும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், பாக்கெட்டில் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருந்தாள்.

விடியுமுன் மாதனூரில் வேலூர் பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து காட்பாடி. ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அக்கா எந்தப் பெட்டியில் இருப்பாள் என்று தெரியாது. ராத்திரியெல்லாம் பாடிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடுவதற்குள் வண்டி கிளம்பினால் நான் ஏறிவிடுவேன். உள்ளே நடந்து தேடுவேன். ஆம்பூருக்கு முன்னால் வண்டி நிற்கும் குடியாத்தத்துக்குள் கிடைத்துவிட்டால் இரண்டு பேரும் அங்கே இறங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் ஆம்பூரில் அவள் இறங்கும்போது நானும் அவள் பக்கத்தில் இறங்குவேன்.

ஒருநாள் நீ இதைப் படித்தால், நான் பிழைத்து, வளர்ந்து, உன்னைப் பெற்றேன் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். நாளை என்ன நடந்தது என்பது இதில் இருக்காது. அதனால் படித்து முடித்ததும் நேராக என்னிடம் வா. யமுனா பெரியம்மா எங்கே என்று கேள். நான் வேறு பேச்சுப் பேசினாலும் விடாதே. சாப்பிட்டியா என்று கேட்டாலும் விடாதே. என் முகத்தைப் பார்த்துக் கேள்.

இவ்வளவு நேரமும் அந்தக் கேள்வியை நீ கேட்பது போலவே எனக்குக் காதில் விழுந்துகொண்டிருந்தது. நாளை நான் வீட்டிலேயே இருந்துவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். நான் சின்னப் பெண், போன் இல்லை, பெரியவர்கள் முடிவு செய்தார்கள், எனக்கு என்ன தெரியும். எல்லாமே அப்பாவின் குரலில் வருகிறது.

அதனால் போகிறேன். முன் அறையில் பெரியப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. அவர் மறுபடி தூங்கட்டும், காத்திருக்கிறேன்.

இன்னும் உன் அம்மா ஆகாத
நான்